40 கிலோபைட்டுக்குள் ஒரு உலகம்: 'கேசட்' வீடியோ கேம்களில் இந்தியர்களின் விருப்பப் பட்டியல் மாறுபட்டது ஏன்?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் உருவாக்கிய 8 பிட் வீடியோ கேம் பெட்டியின் தலைசிறந்த ஆட்டங்கள் எவை என்று அமெரிக்கர் ஒருவரிடம் கேட்டால், 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா', 'மெட்ராய்டு', 'மெகா மேன்' ஆகிய பெயர்களைத் தயங்காமல் சொல்வார். ஜப்பானியர் 'டிராகன் குவெஸ்ட்' என்பார். 1990களில் இந்தியாவில் வளர்ந்த ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், பெரும்பாலும் வேறொரு பட்டியலே கிடைக்கும்: சூப்பர் மரியோ, கான்ட்ரா, வாத்து சுடும் ஆட்டம், டாங்கி ஆட்டம், சர்க்கஸ் ஆட்டம், கார் ஆட்டம்.

கடைசி மூன்றின் உண்மைப் பெயர்கள் பேட்டில் சிட்டி, சர்க்கஸ் சார்லி, ரோடு ஃபைட்டர் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. ஜப்பானில் வெளியாகி, அக்காலத்தில் அமெரிக்கக் கடைகளுக்கே செல்லாத பேட்டில் சிட்டி, இந்தியச் சிறுவர்களுக்கு மனப்பாடம் ஆனது எப்படி? அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்ற செல்டா இங்கு ஏறத்தாழ அறியப்படாமலேயே போனது ஏன்? இது ரசனை வேறுபாட்டால் நேர்ந்ததன்று. பெரும்பகுதி, சில்லுகளின் விலையும் அளவும் தீர்மானித்த விஷயம்.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

மசாயுகி உயெமுரா தலைமையிலான பொறியாளர் குழு வடிவமைத்த 'ஃபேமிகாம்' பெட்டி, 1983 ஜூலை 15ஆம் தேதி ஜப்பானில் 14,800 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. 1985ஆம் ஆண்டு இறுதியில் அது வேறு தோற்றத்துடன், 'நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்ற பெயரில் நியூயார்க்கில் அறிமுகமானது. உலகம் முழுவதும் இரு வடிவங்களும் சேர்ந்து 6 கோடியே 19 லட்சம் பெட்டிகள் விற்பனையாயின. இந்தக் கணக்கில் நகல் பெட்டிகள் சேரவில்லை.

அதன் செயலி நொடிக்கு ஏறத்தாழ 18 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. பணி நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. இக்கட்டுரையின் இரண்டு பத்திகளைச் சேமித்தாலே அது நிரம்பிவிடும். திரையில் ஒரே நேரத்தில் 25 வண்ணங்களுக்கு மேல் காட்ட இயலாது. நகரும் உருவங்களுக்கான துண்டுகள் மொத்தம் 64. ஒரே கிடைக்கோட்டில் 8 துண்டுகள்தான் தெரியும். ஒன்பதாவது வந்தால் ஏதேனும் ஒன்று மறைந்தாக வேண்டும். ஆகையால், எதையும் நிரந்தரமாக மறைக்காமல் மாற்றி மாற்றிக் காட்டும்படி ஆட்டங்களை எழுதினர். எதிரிகள் வரிசையாக வரும்போது உருவங்கள் மினுக்மினுக்கென்று துடித்ததற்குக் காரணம் இதுவே. பலரும் நினைத்ததைப்போல் அது தொலைக்காட்சியின் கோளாறு அன்று.

இந்தியாவுக்கு வந்த வழி

மின்னணுப் பொருட்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், இந்தப் பெட்டி இந்தியாவில் 'சாமுராய்' என்ற பெயரில், உரிமம் பெற்று, உதிரிபாகங்களிலிருந்து இங்கேயே பொருத்தப்பட்டு விற்கப்பட்டது. எனினும் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தவை அதன் நகல்களே. தைவானின் 'மைக்ரோ ஜீனியஸ்' போன்ற பெட்டிகளும், பெயர் அறியாத எண்ணற்ற பிற பெட்டிகளும் 1990களில் சந்தையை நிறைத்தன. ரஷ்யாவில் இதே வகை நகல் பெட்டி 'டெண்டி' என்ற பெயரில் 1992இல் அறிமுகமாகி, அந்நாட்டுச் சிறுவர்களின் பொதுச்சொல்லாகவே மாறியது. ரஷ்யர்களின் விருப்பப் பட்டியலிலும் பேட்டில் சிட்டி முன்வரிசையில் இருப்பது தற்செயல் அன்று.

மூலப் பெட்டியில் தனித்தனியாக இருந்த சில்லுகளின் வேலையைத் தைவான் நிறுவனங்கள் மலிவான மாற்றுச் சில்லுகளாகவும், பின்னர் ஒரே சில்லாகவும் சுருக்கின. பிற்கால நகல் பெட்டியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, பலகையின் நடுவே கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று மட்டும் கண்ணில் பட்டிருக்கும். அந்தப் பொட்டுக்குள்தான் முழு இயந்திரமும் இருந்தது.

இந்த நகல் வேலையில் ஒரு சுவையான பிழையும் நேர்ந்தது. பெட்டியின் ஒலிப் பகுதியில் சதுர அலைகளின் வடிவத்தைத் தேர்வு செய்யும் அமைப்புகளில் இரண்டு, பல நகல் சில்லுகளில் இடம் மாறிப்போயின. சுரம் மாறாது, குரல் மட்டும் மாறும். மேலும், இந்தியாவின் பால் முறைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப நொடிக்கு 60 முறைக்குப் பதிலாக 50 முறை படத்தைப் புதுப்பித்த பெட்டிகளில், ஆட்டமும் இசையும் சுமார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. அத்தகைய பெட்டியில் விளையாடிப் பழகிய ஒருவர் இன்று மூலப் பதிப்பை இயக்கினால், மரியோ பதற்றத்துடன் ஓடுவதைப் போலவும், இசை சற்று அந்நியமாகவும் தோன்றும். நினைவு பிசகவில்லை, அவர் கேட்டது உண்மையிலேயே வேறு ஒலி.

9999 ஆட்டங்களின் கணக்கு

விருப்பப் பட்டியலைத் தீர்மானித்தது பெட்டியைவிட, அதில் செருகிய கேசட்தான். 'ஒன்றில் 9999' என்று அச்சிட்ட கேசட்டுகளில் உண்மையில் இருந்தவை சில ஆட்டங்கள், மிஞ்சிப்போனால் சில பத்து. மீதமெல்லாம் அதே ஆட்டங்கள் வெவ்வேறு நிலைகளிலிருந்து தொடங்கும்படி, வெவ்வேறு பெயர்களில் பட்டியலிடப்பட்டவை. பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கச் சில பைட்டுகள் போதும். புதிய ஆட்டத்தைச் சேர்க்கவோ நினைவகச் சில்லுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அந்தச் சில ஆட்டங்கள் எவை என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஃபேமிகாம் பெட்டியால் கேசட்டில் உள்ள நிரலில் 32 கிலோபைட்டையும், படங்களில் 8 கிலோபைட்டையும் மட்டுமே நேரடியாகக் காண முடியும். ஆகமொத்தம் 40. அதைவிடப் பெரிய ஆட்டமாயின், நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றிக் காட்டும் கூடுதல் சுற்று கேசட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். 1986க்குப் பிந்தைய பெரிய ஆட்டங்கள் அப்படித்தான் வந்தன. செல்டா 128 கிலோபைட் அளவு கொண்டது. அதனுடன், ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக அமெரிக்கப் பதிப்பில் மின்கலத்தால் உயிர்வாழும் தனி நினைவகமும் இருந்தது.

மலிவு விலைக் கேசட் தயாரிப்பாளருக்கு இது கட்டுப்படியாகாது. 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய தொடக்ககால ஆட்டங்களையோ, ஒரே பெரிய சில்லில் அடுக்கி, எளிய சுற்று ஒன்றால் தேர்வு செய்துவிடலாம். காலக்ஸியன் 16 கிலோபைட். டாங்கி காங், எக்ஸைட்பைக், டக் ஹன்ட், பேட்டில் சிட்டி ஆகியவை தலா 24. சூப்பர் மரியோ சரியாக 40. இந்தியத் தலைமுறை ஒன்று மனப்பாடம் செய்த பட்டியல், பெருமளவு 1984 முதல் 1986 வரை வெளியான இந்தச் சிறிய ஆட்டங்களின் பட்டியலே. படிக்க வேண்டிய ஆங்கில வசனம் ஏதும் இல்லாததும், ஒரு மணி நேர மின்சாரத்துக்குள் ஆடி முடிக்க முடிந்ததும் அவற்றுக்குக் கிடைத்த கூடுதல் வரம்.

மரியோ: மேகமும் புதரும் ஒன்றே

ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி டெசுகா ஆகியோர் வடிவமைத்து, கோஜி கொண்டோ இசையமைத்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், 1985 செப்டம்பர் 13ஆம் தேதி வெளியானது. 32 நிலைகள், இசை, படங்கள் அனைத்தும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் இதைப்போல் 50 மடங்குக்கும் அதிக இடம் பிடிக்கும்.

இந்த நெருக்கடியைச் சமாளித்த விதம் ஆட்டத்தில் எங்கும் தெரிகிறது. வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே படம்தான். வண்ணம் மட்டும் வேறு. மரியோவும் லூயிஜியும் அவ்வாறே. நிலைகள் படமாகச் சேமிக்கப்படவில்லை. 'இந்த இடத்தில் இத்தனை உயரக் குழாய்' என்பது போன்ற சுருக்கக் கட்டளைகளாக எழுதப்பட்டுள்ளன.

முதல் நிலையின் முதல் சில நொடிகள் இன்றும் ஆட்ட வடிவமைப்பாளர்களால் பாடமாக ஆராயப்படுகின்றன. மரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் வெறுமை. எனவே, வலப்பக்கம் செல்ல வேண்டும் என்று யாரும் சொல்லாமலே புரிகிறது. எதிரி ஒன்று நேராக வருகிறது. தாண்டாவிட்டால் உயிர் போகும். போனாலும் இழப்பு சில நொடிகளே. அடுத்துக் கேள்விக்குறிக் கட்டையிலிருந்து வெளிவரும் காளான், எதிரி என்று அஞ்சி ஓட முயன்றாலும் குழாயில் மோதித் திரும்பி வந்து, பெரும்பாலும் மரியோவின் மீதே சேர்கிறது. உருவம் வளர்கிறது. காளான் நல்லது என்ற செய்தி, ஒரு சொல்லும் இல்லாமல் ஆடுபவரைச் சென்றடைகிறது. தமிழோ இந்தியோ மட்டும் அறிந்த ஒரு குழந்தை, ஜப்பானில் உருவான ஆட்டத்தை எவர் துணையும் இன்றிக் கற்றுக்கொண்டதன் ரகசியம் இதுதான்.

பேட்டில் சிட்டி: ஆடுபவரே கட்டிய ஊர்

1985இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட பேட்டில் சிட்டியில் 35 நிலைகள். ஒவ்வொன்றிலும் 20 எதிரி டாங்கிகள். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகுச் சின்னத்தைக் காக்க வேண்டும். விதி அவ்வளவே. ஆனால் செங்கல் உடையும், இரும்பு எளிதில் உடையாது, நீரைக் கடக்க முடியாது, மரங்களுக்குள் ஒளியலாம் என்ற நான்கு பொருள்களிலிருந்து எழும் சூழ்ச்சிகளுக்கு அளவில்லை. இருவர் சேர்ந்து ஆடும்போது, யார் காவல் நிற்பது, யார் முன்னேறுவது என்பதே பெரிய விவாதமாகிவிடும். கூட்டாளியின் குண்டு நம்மைச் சற்று நேரம் உறைய வைக்கும் என்பதால் விவாதம் சண்டையாகவும் மாறும்.

நம் பார்வையில், இந்தப் பெட்டிக்கு வந்த சிறிய ஆட்டங்களில் மிகச் சிறந்தது இதுவே. காரணம், தொடக்கத் திரையில் இருந்த 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற வரி. அதைத் தேர்ந்தெடுத்து, ஆடுபவர் தாமே செங்கல்லும் நீரும் அடுக்கிச் சொந்த ஊரைக் கட்டலாம். கழுகைச் சுற்றி முழுவதும் இரும்புச் சுவர் எழுப்பிவிட்டு நிம்மதியாகப் போரிட்ட குழந்தைகள் எத்தனை பேர்! மின்சாரத்தை நிறுத்தினால் அந்த ஊர் அழிந்துவிடும் என்பது வேறு விஷயம். 24 கிலோபைட் ஆட்டத்தில், ஆடுபவரையே வடிவமைப்பாளராக்கும் இந்த வசதி இடம்பெற்றது வியப்புக்குரியது.

கான்ட்ரா: பட்டியலின் விதிவிலக்கு

கொனாமி நிறுவனத்தின் கான்ட்ரா, 1987இல் பொது விளையாட்டுக் கூடங்களுக்கும், 1988இல் வீட்டுப் பெட்டிக்கும் வந்தது. அளவு 128 கிலோபைட். எனினும், அதன் அமெரிக்கப் பதிப்புக்குத் தேவைப்பட்ட கூடுதல் சுற்று மிக எளியது என்பதால் நகலெடுக்கத் தடையேதும் இருக்கவில்லை. ஜப்பானியப் பதிப்போ கொனாமியின் சொந்தச் சில்லைப் பயன்படுத்தியது. அதில் முதல் நிலையின் காட்டு மரங்களின் இலைகள் அசையும், பனிக் கள நிலையில் பனி பொழியும்.

இரண்டு பேர் ஒரே திரையில் சேர்ந்து ஓடுவதே கான்ட்ராவின் உயிர். அருவி நிலையில் ஒருவர் விரைந்து மேலேறினால் திரையும் அவருடன் உயரும்; கீழே தங்கியவர் திரைக்கு வெளியே விழுந்து உயிரிழப்பார். அண்ணன் தம்பிகளுக்கிடையே தீராத பகையை உண்டாக்கிய நிலை இது.

மூன்று உயிர்களுடன் எட்டு நிலைகளை முடிப்பது பெரும்பாலானோருக்கு இயலாத காரியம். அதற்கு உதவியது, தலைப்புத் திரையில் அழுத்த வேண்டிய புகழ்பெற்ற வரிசை: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. உயிர்கள் 30 ஆகும். இதை முதலில் உருவாக்கியவர் கொனாமியின் நிரலாளர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986இல் 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, தம்மாலேயே ஆடி முடிக்க முடியாத அளவுக்கு அது கடினமாக இருந்ததால், சோதனைக்காக இந்தக் குறுக்குவழியை வைத்துக்கொண்டார். வெளியீட்டுப் பதிப்பிலும் அது தங்கிவிட்டது. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானபோது, உலகெங்கும் உள்ள ரசிகர்கள் அந்தப் பத்து அழுத்தங்களையே அஞ்சலியாகப் பதிவிட்டனர்.

சுட்டது துப்பாக்கி அன்று, தொலைக்காட்சி

டக் ஹன்ட் துப்பாக்கியிலிருந்து எந்தக் கதிரும் வெளிப்படவில்லை. அதன் குழலுக்குள் இருந்தது ஒளியை உணரும் சிறு கருவி மட்டுமே. விசையை அழுத்தியவுடன் திரை முழுவதும் கண நேரம் கறுக்கும். அடுத்த கணத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். முதலில் இருளையும் உடனே ஒளியையும் துப்பாக்கி கண்டால், குறி தப்பவில்லை என்று பொருள். இரண்டு வாத்துகள் இருந்தால் சதுரங்கள் அடுத்தடுத்துத் தோன்றும். எந்தக் கணத்தில் ஒளி தெரிந்தது என்பதைக் கொண்டு எந்த வாத்து வீழ்ந்தது என்று பெட்டி கணிக்கும். ஒரு வாத்து ஆட்டத்தில் இரண்டாவது ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் அந்த வாத்தையே ஓட்டலாம் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி, சமிக்ஞை வந்த கணமே கோடு கோடாகப் படத்தை வரையும். இன்றைய தட்டைத் திரைகள் படத்தைச் சேமித்து, திருத்தி, பிறகே காட்டுகின்றன. அந்தச் சிறு தாமதமே போதும். துப்பாக்கி எதையும் காணாது. பரணிலிருந்து எடுத்த பெட்டி நல்ல நிலையில் இருந்தாலும், புதிய தொலைக்காட்சியில் ஒரு வாத்தும் விழாது. கேசட் பிழைத்திருந்தாலும், படக்குழாய்த் தொலைக்காட்சி மறையும்போது ஆட்டமும் உடன் மறைந்துவிடுகிறது.

எஞ்சியிருப்பவை எத்தனை?

சில ஆட்டங்கள் இன்னும் புதிய வாழ்வு வாழ்கின்றன. 1989இல் இதே பெட்டிக்கு நிண்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸ் ஆட்டத்தை, கணினிச் செயலியே திணறி உறைந்துபோகும் நிலை வரை கொண்டுசென்ற முதல் மனிதர், அமெரிக்காவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர். 157ஆவது நிலையில், 2023 டிசம்பர் 21ஆம் தேதி அது நிகழ்ந்தது. ஆட்டம் வெளியானபோது அவருடைய பெற்றோரே சிறார்களாக இருந்திருக்கக் கூடும்.

ஆனால் பெரும்பாலானவற்றின் நிலை வேறு. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று முறையான விற்பனையில் இல்லை. நூலகங்கள் தம்மிடம் உள்ள பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியே அணுகத் தருவதற்கான விலக்கை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

இந்தியாவில் சட்டநிலை என்ன என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. காப்புரிமையும் பதிப்புரிமையும் வெவ்வேறு. இயந்திரத்தின் மீதான காப்புரிமைக்கு ஆயுள் பொதுவாக 20 ஆண்டுகள். 1983இல் வந்த பெட்டிக்கு அது முடிந்து நெடுநாளாகிறது. எனவே, பழைய கேசட்டை ஏற்கும் புதிய பெட்டியைத் தயாரிப்பது தன்னளவில் குற்றமாகாது. ஆட்டங்களோ 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரல்கள். சட்டம் அவற்றை 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் வைக்கிறது. அந்த உரிமை இன்னும் பல பத்தாண்டுகள் நீடிக்கும். முறையாக வாங்கிய நிரல் அழிந்துபோகாமல் காக்க, உரிமையாளர் தமக்கெனப் பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. உரிமம் இல்லாத ஆட்டங்களை நிரப்பி விற்கும் பெட்டிகளும், இணையத்தில் பரிமாறப்படும் கோப்புகளும் இந்த விலக்குக்குள் வாரா.

முறையான வழிகளும் இல்லாமல் இல்லை. கொனாமி 2019இல் வெளியிட்ட கான்ட்ரா ஆண்டுவிழாத் தொகுப்பில் வீட்டுப் பெட்டியின் பதிப்பு உள்ளது. பேட்டில் சிட்டி, 2020இல் வெளியான நாம்கோ அருங்காட்சியகத் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் இடம்பெற்றது. இரண்டும் கணினிக்கும் வெளியாயின. மரியோவை நிண்டெண்டோ தன் சந்தா சேவையில் வழங்குகிறது.

பழைய பெட்டியையே இயக்க விரும்புவோர், கேசட்டின் அடியில் வாயால் ஊதும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. ஊதியவுடன் ஆட்டம் இயங்கியதற்குக் காரணம் மூச்சுக்காற்று அன்று. கேசட்டைக் கழற்றி மீண்டும் செருகியபோது, மாசு படிந்த உலோக முனைகள் உரசி நல்ல தொடர்பு பெற்றதே. ஊதும்போது படியும் எச்சில் ஈரம் அம்முனைகளை அரிக்கும் என்பதால், நிண்டெண்டோவே இதைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முனைகளை மெல்லத் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு செருகினால் போதும். படம் தெரியாவிட்டால், ஆண்டெனா வழி இணைக்கும் பெட்டிகளுக்குத் தொலைக்காட்சியில் அலைவரிசையைக் கையால் தேட வேண்டியிருக்கும். புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில், 'அனலாக்' தேடல் என்ற பெயரில் அமைப்புகளுக்குள் அந்த வசதி இன்னும் இருக்கிறது.